கீழாநெல்லி மஞ்சள் காமாலையை விரட்டுமா? நோபல் பரிசு வாங்கிய டாக்டரே தேடிப் போன கதை!

கோமுகி அணையில் தண்ணீர் ஏறும் மாதங்களில் வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கம் வயல் வரப்பில் இறங்கினால் காலடியிலேயே கிடக்கும் கீழாநெல்லி. இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய்கள் தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரி இல்லை, இந்தச் செடிதான். "வேரோட பிடுங்கி அரைச்சு, மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடி, சரியாயிடும்" என்பார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே பேச்சுதான்.

ஆனால் நோபல் பரிசு வாங்கிய ஒரு அமெரிக்க டாக்டரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒரு விஞ்ஞானியும் சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1988-ல் அந்த ஆய்வு உலகின் பெரிய மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு கட்டத்தில் உலகமே கீழாநெல்லியைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் என்ன ஆச்சு?

யார் இந்த டாக்டர்?

பெயர் பாரூக் ப்ளம்பெர்க். 1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் ஏன் வெவ்வேறு நோய் வருகிறது என்று கண்டுபிடிக்க ஊர் ஊராகப் போய் ரத்த மாதிரி சேகரித்தவர். அப்படி ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு விசித்திரமான புரதம் சிக்கியது. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்தோல் என்பது பிறகு தெரியவந்தது.

இன்றைக்கு ரத்ததானம் செய்யும்போது பார்க்கிறார்களே ஹெபடைடிஸ் பி டெஸ்ட், அதன் தொடக்கம் இதுதான். பிறந்த குழந்தைக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு வழி போட்டதும் இவரும் இவருடைய சக விஞ்ஞானி இர்விங் மில்மேனும்தான். 1976-ல் ப்ளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொதுவாக இத்தோடு ஒரு டாக்டரின் கதை முடிந்திருக்கும். இவர் நிற்கவில்லை. தடுப்பூசி இனி தொற்றாமல் காக்கும், சரி. ஏற்கெனவே உடம்பில் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும் கோடிக்கணக்கான பேருக்கு என்ன செய்வது? 1980-களில் அதற்குக் கையில் மருந்தே இல்லை. அமெரிக்காவில் இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் அனுமதி பெற்றது 1992-ல். லாமிவுடின் மாத்திரை வந்தது 1998-ல்.

அப்போது ப்ளம்பெர்க் குழு ஒரு வேலை செய்தது. காமாலைக்கு எந்தெந்த நாட்டில் எந்தெந்தச் செடியைக் கொடுக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் சாற்றையும் ஆய்வகத்தில் வைரஸோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். நோபல் வாங்கியவர் பாட்டி வைத்தியத்தின் பின்னால் போகிறாரே என்று அன்றைக்குச் சிலருக்காவது தோன்றியிருக்கும். அந்த வரிசையில் முன்னால் வந்து நின்றது கீழாநெல்லி. வைரஸ் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியை அது தடுத்தது. மனிதர்களின் ஹெபடைடிஸ் பி போலவே ஒரு வைரஸ் வட அமெரிக்காவின் வுட்சக் என்ற கொறிக்கும் பிராணிக்கும் வரும். அந்தப் பிராணிகளிடமும் பலன் தெரிந்தது. 1987-ல் அந்தக் கட்டுரை வெளியானது.

சென்னை எப்படி உள்ளே வந்தது?

உண்மையில் சென்னை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவரது குழுவும் 1982-லேயே கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி இரண்டும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்தோல் புரதத்தை என்ன செய்கின்றன என்று சோதனைக்குழாயில் பார்த்து எழுதியிருந்தார்கள். இவர் டாக்டர் இல்லை, விஞ்ஞானி. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானவர்.

ஃபிலடெல்ஃபியாவும் சென்னையும் கைகோத்தன. உடம்பில் வைரஸ் தங்கிவிட்ட 78 பேரிடம் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினமும் 3 வேளை, 30 நாள். இன்னொரு பகுதியினருக்குப் பார்ப்பதற்கு அதே போல இருக்கும், ஆனால் மருந்தே இல்லாத வெற்று மருந்து.

முடிவு வந்தபோது பலர் வாயைப் பிளந்தார்கள். கீழாநெல்லி சாப்பிட்டு ஆய்வை முடித்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸ் புரதம் காணாமல் போயிருந்தது. அதாவது 59 சதவீதம். வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. 1988-ல் தி லான்செட் இதழ் இதை வெளியிட்டது.

இந்த எண் ஏன் பெரிய விஷயம் என்றால், நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தானாகப் போவது அபூர்வம். ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்கு நடந்தாலே அதிகம். அதை ஒரு மாதத்தில், வரப்பில் முளைக்கும் ஒரு செடி பாதிக்கு மேற்பட்டவர்களிடம் செய்துவிட்டது என்றால்?

வெற்று மருந்து எதற்கு? எல்லோருக்கும் கீழாநெல்லியே கொடுக்கலாமே!

நல்ல கேள்வி. மொத்த விஷயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

மழைக்காலத்தில் தண்ணீராலும் உணவாலும் பரவும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸால் வருவது. இவை இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். கீழாநெல்லி குடித்தாலும் அடங்கும், குடிக்காவிட்டாலும் அடங்கும். வெறும் கஞ்சியும் ஓய்வும் இருந்தாலும் அடங்கும்.

ஹெபடைடிஸ் பி கூட, நன்றாக வளர்ந்த பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றில் 95 பேர் வரை தாங்களாகவே அதை விரட்டிவிடுவார்கள். குழந்தையாக இருக்கும்போது தொற்றினால்தான் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் தங்குகிறது.

ஆக, ஒரு ஊரில் காமாலை வந்த 100 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்தால் ஏறத்தாழ எல்லோருமே குணமாவார்கள். கொடுத்தவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வரும். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் குடிக்காத 100 பேர் என்ன ஆனார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை. அந்த இரண்டாவது 100 பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் வெற்று மருந்து.

இங்கிலீஷ் மருந்துக்கும் இதே சட்டம்தான். கடையில் விற்கும் புது மாத்திரை ஒவ்வொன்றும் இந்த வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அப்புறம் என்ன ஆனது?

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. தாய்லாந்து டாக்டர்கள் செய்து பார்த்தார்கள், 1990-ல் அதே லான்செட்டில் முடிவு வந்தது: பலன் இல்லை. நியூசிலாந்தில் 1994-ல் வந்த ஆய்வும் அதையே சொன்னது. இந்தியாவிலேயே வேறொரு குழு செய்த ஆய்விலும் சென்னையின் 59 சதவீதம் திரும்ப வரவில்லை.

ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. கீழாநெல்லி என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது உண்மையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் பல செடிகளை. மேலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எந்த மண்ணில் முளைத்தது, எந்த மாதம் பறித்தது, வேரா இலையா முழுச் செடியா, வெயிலில் காய்ந்ததா நிழலில் காய்ந்ததா என்பதைப் பொறுத்துச் சரக்கே மாறிவிடும். சென்னையில் கொடுத்த செடியும் மற்ற நாட்டில் கொடுத்த செடியும் ஒன்றுதானா என்ற சந்தேகம் நியாயமானது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்னை ஆய்வு சின்னது. 78 பேரில் 18 பேர் கடைசி வரை வரவில்லை. பலரைக் குறைந்த காலத்துக்குத்தான் தொடர்ந்து பார்க்க முடிந்தது. சின்ன ஆய்வில் பெரிய எண் வந்தால் முதலில் சந்தோஷப்படலாம், ஆனால் நம்புவதற்கு முன் இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டும்.

2011-ல் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, கீழாநெல்லிக் குடும்பச் செடிகளை வைத்து நடந்த 16 ஆய்வுகளை ஒன்றாக அலசியது. வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது போல் இருக்கிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் போதவில்லை, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இது வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. இன்றைக்கு நிலவரமும் அதுதான். ப்ளம்பெர்க் அதே 2011 ஏப்ரலில் காலமானார்.

சரி, எல்லாம் வீண்தானா?

இல்லை. நாட்டு மருந்தை ஒரு டாக்டர் கையில் எடுத்து, உலகத்தையே மாற்றிய கதையும் இந்தியாவில் உண்டு.

1945-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். பல வருடமாக அவருக்கு ரத்தக் கொதிப்பு. உலகின் மிகச் சக்திவாய்ந்த மனிதருக்கே பி.பி.க்குக் கொடுக்க அப்போது நல்ல மாத்திரை கிடையாது. உப்பைக் குறை, ஓய்வெடு, அவ்வளவுதான்.

அதே காலத்தில் மும்பையில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர், சர்ப்பகந்தா வேரை நோயாளிகளுக்குக் கொடுத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். லண்டனில் படித்துவிட்டு வந்த ஆங்கில மருத்துவர் அவர். பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் காலங்காலமாகக் கொடுக்கப்பட்ட வேர் இது. கொல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் 1931-லேயே இது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக எழுதியிருந்தார்கள். இந்தியாவுக்கு வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை.

வக்கீல் என்ன வித்தியாசமாகச் செய்தார்? பெரிதாக ஒன்றும் இல்லை, அளந்தார். 50 நோயாளிகளின் பி.பி.யை மருந்துக்கு முன், மருந்தின்போது, மருந்தை நிறுத்திய பின் என்று பார்த்துப் பார்த்து எழுதி, 1949-ல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதைப் படித்த பிறகு வெளிநாடுகள் விழித்துக்கொண்டன. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. சில வருடங்களிலேயே உலகம் முழுக்க பி.பி. மாத்திரையாக அது போனது. 1957-ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

கதையில் கசப்பும் உண்டு. ரெசர்பின் சாப்பிட்ட சிலருக்கு மன அழுத்தம் வந்ததாக டாக்டர்கள் எழுதத் தொடங்கினார்கள். பிறகு இன்னும் நல்ல மாத்திரைகள் வந்ததும் அது ஓரம்கட்டப்பட்டது. காட்டில் வேரைத் தோண்டித் தோண்டி அந்தச் செடியே அருகிப்போக, இன்று அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

மூலிகைன்னா பக்கவிளைவே கிடையாது என்று அடித்துச் சொல்பவர்களுக்கு சர்ப்பகந்தா ஒன்றே போதும். வேலை செய்கிற மருந்து எதுவாக இருந்தாலும், வேண்டாத இடத்திலும் கொஞ்சம் வேலை செய்யும்.

இதயத்தை அறுத்தவர் சரகரிடம் போனார்

இன்னொருவர் பக்கத்து மாநிலத்துக்காரர். எம்.எஸ். வலியத்தான். கேரளாவின் மாவேலிக்கரையில் 1934-ல் பிறந்த இதய அறுவை சிகிச்சை நிபுணர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை 20 வருடம் நடத்தியவர்.

இவர் தலைமையில் உருவான இந்திய இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாத ஏழை நோயாளிகளுக்கு அது உயிர் கொடுத்தது. அந்த வால்வைத் தயாரித்து விற்றது சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனம்.

1999-ல், 65 வயதில், மணிப்பால் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியிலிருந்து இறங்கிய வலியத்தான் செய்தது யாரும் எதிர்பார்க்காதது. மாணவர் போல உட்கார்ந்து ஆயுர்வேதம் படித்தார். ராகவன் திருமுல்பாடு என்ற வைத்தியரிடம் பாடம் கேட்டார். சரகர், சுஸ்ருதர், வாக்படர் மூவரின் நூல்களைப் பற்றியும் மூன்று பெரிய புத்தகங்கள் எழுதினார்.

பழம்பெருமை பேசுவதோடு அவர் நின்றிருந்தால் இங்கே அவரைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. பழைய நூல் சொல்வதை இன்றைய உயிரியல் கருவிகளால் சோதிக்க வேண்டும் என்று ஆய்வகங்களைத் தேடிப்போய் இழுத்துவந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பழ ஈக்களுக்கு நெல்லிக்காய் ரசாயனம் கொடுத்து அவற்றின் வளர்ச்சி, ஆயுள் எல்லாம் அளக்கப்பட்டன. வாதம், பித்தம், கபம் என்று உடல்வாகைப் பிரிக்கிறார்களே, அதற்கும் மரபணுவுக்கும் தொடர்பு உண்டா என்று ஹைதராபாத் மூலக்கூறு உயிரியல் மையம் பார்த்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது.

ஈயிடம் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் கேள்வி கேட்கும் முறை சரி. வலியத்தான் 2024 ஜூலை 17-ல், 90 வயதில் மறைந்தார்.

தாம்பரத்தில் நடந்தது

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மிகச் சூடாக எழுந்த இடம் தாம்பரம் சானடோரியம். காசநோய்க்காக 1928-ல் சௌரி முத்து என்ற டாக்டர் தொடங்கிய மருத்துவமனை. 1990-களில் அங்கே எச்.ஐ.வி. நோயாளிகள் வந்து குவிந்தார்கள். வேறு பல இடங்களில் அவர்களைத் தொடவே பயந்த காலம். ஏ.ஆர்.டி. மாத்திரைகள் வெளிநாட்டில் இருந்தன, ஆனால் விலை ஏழைகள் கிட்டவே போக முடியாதது.

அங்கே கண்காணிப்பாளராக இருந்த நெஞ்சக நோய் நிபுணர் சி.என். தெய்வநாயகம், ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்ற மூன்று சித்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். எதுவுமே இல்லாத நேரத்தில் கையில் இருந்ததைக் கொடுத்த டாக்டரைக் குறை சொல்வது சுலபம். அந்த வார்டில் அன்றைக்கு நின்றவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஆனாலும் வைரஸைக் கட்டுப்படுத்துகிறது என்று உலகம் முழுக்க நிரூபணமானது ஏ.ஆர்.டி.தான். 2004 ஏப்ரலில் மத்திய அரசு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது எச்.ஐ.வி. நோயாளிகளின் தலையெழுத்தே மாறியது. அதே சானடோரியம் பகுதியில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது.

ரெண்டு பக்கமும் அடி வாங்கும் வேலை

இந்த ஆராய்ச்சியையே முழுநேர வேலையாக எடுத்தவர் ஒருவரின் கதை இங்கிலாந்தில் இருக்கிறது. எட்சார்ட் எர்ன்ஸ்ட், ஜெர்மானிய டாக்டர். தொடக்கத்தில் ஒரு ஹோமியோபதி மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 1993-ல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் மாற்று மருத்துவத்துக்கான பேராசிரியர் ஆனார். உலகிலேயே இந்தத் துறைக்கு முதல் பேராசிரியர் இவர்தான் என்பார்கள்.

மாற்று மருத்துவத்துக்கு நல்ல ஆள் கிடைத்தார் என்று அந்தப் பக்கம் சந்தோஷப்பட்டது. இவரோ ஒவ்வொன்றையும் சோதித்து, வேலை செய்வதை செய்கிறது என்றும், செய்யாததை இல்லை என்றும் எழுதினார். இல்லை என்ற பட்டியல்தான் நீளம்.

2005-ல் அப்போதைய இளவரசர் சார்லஸ் ஏற்பாட்டில் தயாரான ஒரு அறிக்கையை அவர் வெளிப்படையாக விமர்சித்தார். இளவரசரின் செயலர் பல்கலைக்கழகத்துக்குப் புகார் அனுப்பினார். 13 மாதம் விசாரணை நடந்தது. குற்றமில்லை என்று முடிவானாலும் அவரது துறைக்குப் பணம் வருவது வற்றிப்போனது. 2011-ல் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்.

நம்மூரிலும் இந்த உரசலைப் பார்க்கலாம். கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். 6 நோயாளிகள்தான். சாப்பிட்டது சீந்தில்தானா அல்லது அதைப் போலவே இருக்கும் வேறு கொடியா என்று சோதிக்கவில்லையே என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த வருடம் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. கோபப்படுவதை விட, சரியான கொடியை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்துவது இரு தரப்புக்குமே நல்லது.

வரப்பில் இன்னொரு செடியும் இருக்கிறது

கள்ளக்குறிச்சி பக்கக் கரிசல் நிலங்களில் ஆடுதின்னாப்பாளை தெரியாத விவசாயி குறைவு. பூச்சிக்கடி, விஷக்கடி, வயிற்றுப்பூச்சி என்று பலவற்றுக்கும் இதன் இலையைக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு.

இந்தச் செடியின் குடும்பத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நச்சு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட இளம் பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. வான்ஹெர்வெகெம் என்ற சிறுநீரக மருத்துவர் நூல் பிடித்துக்கொண்டே போனபோது, மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி மாறி விழுந்திருந்தது தெரிந்தது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் வைத்திருக்கிறது.

இதில் பயங்கரம் என்னவென்றால், இலையைத் தின்ற அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் கெடுவது மாதங்கள், வருடங்கள் கழித்து. அதற்குள் எந்த இலை தின்றோம் என்பதே மறந்துபோயிருக்கும். எத்தனை தலைமுறை அனுபவம் இருந்தாலும் கண்ணால் பிடிக்க முடியாத ஆபத்து இது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

கல்வராயன் மலையில் யார் தேடுவது?

வடக்கனந்தலுக்கு மேலே ஏறினால் கல்வராயன் மலை. மலையாளி பழங்குடி மக்கள் கடுக்காய், புளி, தேன் எடுத்துக் கீழே கொண்டுவந்து விற்கும் மலை. கடுக்காய் திரிபலாவுக்கும் போகிறது, தோல் பதனிடவும் போகிறது. எந்த வேர் எதற்கு, எந்தப் பருவத்தில் எடுப்பது என்ற அறிவு அங்கே பெரியவர்களின் தலையில் இருக்கிறது.

மலையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. மூலிகை ஒரு பக்கம், ஆய்வு செய்யும் படிப்பு ஒரு பக்கம். நடுவில் இருக்கும் தூரம் அவ்வளவு பெரியது இல்லை.

இந்த வேலைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு இரண்டு பாதை. நீட் எழுதி எம்.பி.பி.எஸ். முடித்து மருந்தியல் அல்லது சமூக மருத்துவத்தில் மேற்படிப்பு. அல்லது பாளையங்கோட்டை, சென்னை போன்ற இடங்களில் சித்த மருத்துவப் பட்டம், அதற்கு மேல் எம்.டி. எந்தப் பாதையில் வந்தாலும் புள்ளியியல் தெரியாமல் முடியாது. மருந்தை நோயாளியிடம் சோதிப்பதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் அமுக்கிவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. மருத்துவ அறிவைச் சொல்லிக்கொடுத்த மலை மக்களுக்கும் பலனில் பங்கு தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது.

இப்போதைக்குக் கண் மஞ்சளானால்?

முதலில் ரத்தப் பரிசோதனை. ஏ-யா, பி-யா, சி-யா, ஈ-யா, இல்லை பித்தக்கல் அடைப்பா, சாராயத்தால் கெட்ட கல்லீரலா என்று தெரியாமல் எதைக் குடித்தாலும் இருட்டில் கல் எறிவதுதான். மஞ்சளை இறக்குகிறேன் என்று கையில் சூடு வைப்பது, கண்ணில் சாறு விடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல நோயாளிகள் திட்டு விழும் என்று பயந்து சொல்வதில்லை, டாக்டர்களும் சில நேரம் திட்டத்தான் செய்கிறார்கள். அது மாற வேண்டும்.

உளறல், அதிகத் தூக்கம், ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், விடாத வாந்தி, வயிறு வீக்கம் இருந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு மஞ்சள் காமாலை என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ஹெபடைடிஸ் ஈ கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவரைக் கூடக் கொல்லக்கூடியது.

ஹெபடைடிஸ் பி என்று வந்தால் பயப்பட வேண்டாம். ப்ளம்பெர்க் கீழாநெல்லியில் தேடியபோது இல்லாத மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. வைரஸை அடக்கிவைக்கும் டெனோஃபோவிர் போன்ற மருந்துகள், 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஹெபடைடிஸ் பி ஊசியும் இலவசம்தான். பிரசவ வார்டை விட்டுக் கிளம்பும் முன் அது போட்டாச்சா என்று நர்ஸிடம் கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.